செல்போன் வழியே சுகாதாரக் கல்வி: சென்னைக் களப்பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களோடு சேர்ந்து வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள், மகளிர் குழுக்கள், செவிலியர்கள், கல்லூரித் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், சுகர், பிரஷர், டிபி நோயாளிகள் ஆகியோருக்குச் செல்போனில் தகவல் அனுப்ப நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இதில் உள்ளன.

முதலில் ஒரு ஆப் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஆப் பேச்சை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் ஆப் செய்து விற்பவராகத்தான் இருப்பார். ஆப்புக்கு டேட்டா வேண்டும், போனில் இடம் வேண்டும், பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டும். கல்யாண வீடியோ வந்து போன் நிரம்பினால் முதலில் அழிக்கப்படுவதும் அதுதான்.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம். தமிழ்நாட்டில் போன் வைத்திருக்கும் பெண்கள் ஏறத்தாழ முக்கால்வாசி. ஆனாலும் போன் இருப்பவர்களுக்கும் இணையத்தில் புழங்குபவர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி இங்கும் பெரிதுதான். பெரிய அளவில் ஓடிய திட்டங்கள் இதைப் புரிந்துகொண்டே தொடங்கின. கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்குமான தென்னாப்பிரிக்க அரசின் மாம்கனெக்ட் திட்டம் 2014ல் எந்தப் போனிலும் வரும் எஸ்எம்எஸ்ஸில் ஆரம்பித்தது. வாட்ஸ்அப் அதில் பிறகுதான் சேர்ந்தது. இந்திய அரசின் கில்காரி 2016ல் தொடங்கியது. கர்ப்பத்தின் நாலாவது மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு குரல் அழைப்பு, மொத்தம் 72 அழைப்புகள். பட்டன் போன் போதும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

இதனால் உண்மையில் பலன் உண்டா?

உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. நாலு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளியும்.

கென்யாவில் எச்ஐவி மாத்திரை தொடங்கிய 538 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010ல் வெளிவந்தது. வாரம் ஒருமுறை 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று சுவாஹிலியில் ஒரே சொல்லில் எஸ்எம்எஸ் போனது. 48 மணி நேரத்துக்குள் 'நலம்' அல்லது 'பிரச்சினை' என்று அவர்கள் பதில் போட வேண்டும். பிரச்சினை என்றாலோ, பதிலே வராவிட்டாலோ, செவிலியர் போன் செய்வார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் செய்தி பெற்ற பிரிவில் 62 சதவீதம், பெறாத பிரிவில் 50 சதவீதம். கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் எச்ஐவி மாத்திரை சாப்பிடும் 200 பேரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வாரம் ஒரு ஊக்கச் செய்தி போன ஆய்வின் முடிவு 2012ல் வந்தது. அங்கே குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை.

சென்னையின் இந்திய நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை சார்ந்த மருத்துவர்கள் 2013ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 537 ஆண்கள் அதில் இருந்தார்கள். எல்லாருக்கும் முதலில் நேரில் உணவு, நடைப்பயிற்சி பற்றி ஆலோசனை. அதன்பின் பாதிப்பேருக்கு மட்டும் அவரவர் நிலைக்கேற்ற எஸ்எம்எஸ். இரண்டு ஆண்டில் சர்க்கரை நோய் வந்தவர்கள் எஸ்எம்எஸ் பிரிவில் 18 சதவீதம், மற்றதில் 27 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் சுமார் 5,000 கர்ப்பிணிகளை வைத்து கில்காரியைச் சோதித்தபோது வேறு மாதிரி முடிவு: தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் பழக்கம் கூடவில்லை, கருத்தடை முறைகளின் பயன்பாடு மட்டும் ஓரளவு கூடியது.

நேரில் ஒருமுறை பார்த்துப் பேசிய ஆளிடமிருந்து வரும் நினைவூட்டல் வேலை செய்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. முகம் தெரியாத எண்ணிலிருந்து வரும் உபதேசம் பெரும்பாலும் காதோடு போய்விடுகிறது. கீழே வரும் பதில்கள் அனைத்தும் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டவை.

எஸ்எம்எஸ், குரல் அழைப்பு, வாட்ஸ்அப்: எதைத் தேர்ந்தெடுப்பது?

தேதி, நேரம், இடம் சொல்ல எஸ்எம்எஸ். அது போனிலேயே தங்கும், மகனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ படித்துச் சொல்லலாம். ஏன், எப்படி என்று விளக்க குரல். கையால் செய்து காட்ட வேண்டியதற்கு வாட்ஸ்அப் வீடியோ: இன்சுலின் ஊசி போடுவது, குழந்தையை மார்பில் சரியாகப் பிடிப்பது போன்றவை. வீடியோ ஒன்றரை நிமிடத்துக்குள், 5 எம்பிக்குள் இருக்கட்டும். மூன்றையும் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு அனுப்பினால் மூன்றுமே கவனிக்கப்படாது.

தமிழ் எஸ்எம்எஸ் ஏன் இரண்டாக உடைகிறது? ஏன் இரண்டு செய்திக் காசு பிடிக்கிறார்கள்?

ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழ் யூனிகோடில் 70 இடம் மட்டுமே. 70ஐத் தாண்டினால் துண்டுகளை இணைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் 67தான். கட்டணம் துண்டுக் கணக்கில்.

இதில் பலர் ஏமாறும் இடம், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவது. 'கி' நமக்கு ஒரு எழுத்து. போனுக்கு இரண்டு இடம்: க, அதன்மேல் கொக்கி. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனி இடம். 'ஸ்ரீ' நான்கு இடம் பிடிக்கும். ஒரு உதாரணம்:

'நாளை காலை 10 மணிக்கு தடுப்பூசி. குழந்தையை அழைத்து வரவும்.'

கண்ணால் எண்ணினால் இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 37. போன் கணக்கில் 57. இன்னும் 13 இடம் மிச்சம். முன்னால் 'சைதாப்பேட்டை' என்று சேர்த்து ஓர் இடைவெளி விட்டால் சரியாக 70. அதற்குமேல் ஒரு காற்புள்ளி போட்டாலும் இரண்டு செய்தி. ஆயிரம் பேருக்கு வாரம் ஒரு செய்தி என்றால் ஆண்டுக்கு 52,000. அந்தக் காற்புள்ளியால் அது 1,04,000 ஆகும். ஆகவே 'தங்களது', 'மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' போன்ற அலுவலகத் தமிழைக் கழற்றுங்கள். 'வரவும்' போதும்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினால் 160 இடம் கிடைக்குமே?

கிடைக்கும். இளைஞர்கள் படிப்பார்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் தடுமாறுவார்கள். மருந்தளவு உள்ள செய்தியை அப்படி அனுப்பவே கூடாது. குறில் நெடில் வேறுபாடு மறைவதால் சொல்லே மாறிப்போகும். வீட்டில் இருப்பது தமிழ் காட்டாத பழைய பட்டன் போன் என்றால் (எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும்) அவரை எஸ்எம்எஸ் பட்டியலிலிருந்து எடுத்துக் குரல் பட்டியலில் சேருங்கள். பதிவு செய்யும்போதே ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அவரையே படித்துக் காட்டச் சொன்னால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சொந்த சிம்மிலிருந்து அனுப்பக் கூடாதா? டிஎல்டி பதிவு (மொத்த எஸ்எம்எஸ் அனுப்புபவர்களுக்கான பதிவு) கட்டாயமா?

இருபது முப்பது பேருக்கு, அவர்களுக்குத் தெரிந்த செவிலியரின் எண்ணிலிருந்து போவதில் தவறில்லை. சொல்லப்போனால் அதுதான் அதிகம் படிக்கப்படும். பெரும்பாலான ரீசார்ஜ் திட்டங்களில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ் வரைதான். அதைத் தாண்டி மொத்தமாக அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிகளின்படி டிஎல்டி தளத்தில் பதிய வேண்டும். வரிசை இப்படி:

1. ஏதேனும் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் உங்கள் அமைப்பைப் பதிவு செய்யுங்கள். அமைப்பின் பான் எண், பதிவுச் சான்று, பொறுப்பாளருக்கான அங்கீகாரக் கடிதம் வேண்டும்.
2. அனுப்புநர் பெயராகத் தெரியும் ஆறெழுத்துத் தலைப்பைப் பதியுங்கள். அமைப்பின் பெயரோடு ஒட்டாத எழுத்துகளைக் கேட்டால் நிராகரிப்பார்கள்.
3. ஒவ்வொரு செய்தியின் வார்ப்பையும் (டெம்ப்ளேட்) பதியுங்கள். தேதி, பெயர் போன்ற மாறும் பகுதிகளுக்கு இடம் விட்டு, மொழி வகையில் யூனிகோடைத் தேர்வு செய்யுங்கள்.
4. அனுப்பும் நிறுவனத்தின் கணக்கில் இந்தப் பதிவு எண்களை இணையுங்கள்.

அதிகம் கெடுவது மூன்றாவதில்தான். பதிந்த வார்ப்பில் இல்லாத ஒரு புள்ளியோ கூடுதல் இடைவெளியோ இருந்தால் செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டும்போது நேர் மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறுவதும், 'கொ' என்பதை வேறு தட்டச்சு மென்பொருள் வேறு வரிசையில் சேமிப்பதும் கண்ணுக்குத் தெரியாத காரணங்கள். வார்ப்பைப் பதிந்த அதே கோப்பிலிருந்து மட்டும் எடுத்து ஒட்டுங்கள். இணைய முகவரி சேர்ப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டிப் பதிய வேண்டும். 2024 அக்டோபர் முதல் பதியாத இணைப்புள்ள செய்திகள் தடுக்கப்படுகின்றன.

முன்தொடர்பு இல்லாதவர்களுக்கு அனுப்பினால் அது விளம்பரக் கணக்கில் சேரும், 1909ல் தொந்தரவு வேண்டாமெனப் பதிந்தவர்களுக்குப் போகாது. நேரில் ஒப்புதல் வாங்கிப் பதிவு செய்வது மரியாதைக்கு மட்டுமல்ல, செய்தி போய்ச் சேருவதற்கும் வேண்டும்.

குரல் செய்தியை எப்படி எழுதிப் பதிவு செய்வது?

நீளம் 60 நொடிக்குள். நிதானமாகப் பேசினால் அதற்கு 80 முதல் 90 சொற்கள் போதும். ஒரு அழைப்பில் ஒரே ஒரு விஷயம். அதைத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை சொல்லுங்கள்.

முதல் ஐந்து நொடிதான் உயிர். லோன், கிரெடிட் கார்டு, நிலம் விற்பனை என்று நாளெல்லாம் பதிவுக்குரல் கேட்டுச் சலித்த ஊர் இது. 'இது ஒரு விழிப்புணர்வு அழைப்பு' என்று தொடங்கினால் அங்கேயே வைத்துவிடுவார்கள். இப்படித் தொடங்கலாம்:

'வணக்கம்மா. நம்ம புளியந்தோப்பு ஆஸ்பத்திரி நர்ஸம்மா பேசறேன். உங்களுக்கு இப்ப அஞ்சாவது மாசம். சத்து மாத்திரை சாப்பிடறப்ப வயிறு ஒரு மாதிரி பண்ணுதுன்னு நிறைய பேர் நிறுத்திடறாங்க. நிறுத்த வேணாம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சப்புறம் போடுங்க. போட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேணாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதுகூட சேத்துப் போடாதீங்க, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க.'

பேசுபவர் நிஜமாகவே அந்த நிலையத்துச் செவிலியராக இருந்தால் மிக நல்லது. மேடைப் பேச்சாளரும் வானொலிக் குரலும் வேண்டாம்.

தொலைபேசி வழியே போகும் ஒலி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். கோப்பை 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் வடிவில் கேட்பார்கள். நல்ல தரத்தில் பதிந்து, கடைசியில் இறக்குங்கள். பின்னணி இசை வைக்காதீர்கள்: இறக்கியபின் அது இரைச்சலாகிப் பேச்சைத் தின்னும். பதிவறை இல்லாவிட்டால் துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன்முன் நின்று, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினாலே எதிரொலி பெரும்பகுதி அடங்கும். பதிந்ததை ஸ்டூடியோ ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாமல், ஒரு பட்டன் போனுக்கு அழைப்பாக அனுப்பித் தெருவில் நின்று கேளுங்கள்.

எண்களில் கவனம். 'ஒம்பது', 'அம்பது' இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். 'ஒம்பது, அதாவது பத்துக்கு ஒண்ணு கம்மி' என்று சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்லுங்கள். கணினிக் குரலைப் பயன்படுத்தினால் 108ஐ 'ஒன்று பூஜ்யம் எட்டு' என்று வாசிக்கிறதா, 'நூத்தியெட்டு' என்கிறதா பாருங்கள். பின்னதுதான் எல்லாருக்கும் தெரியும்.

'மீண்டும் கேட்க ஒன்றை அழுத்தவும்' வைப்பதானால் எட்டு நொடி காத்திருங்கள். டச் போனில் காதிலிருந்து எடுத்து, விசைப்பலகையைத் திறந்து, அழுத்த அவ்வளவு நேரம் ஆகும்.

எந்த நேரத்தில் அழைப்பது?

பதிவின்போது அவரையே கேளுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்றே வாய்ப்புக் கொடுத்தால் போதும். கேட்க முடியாதபோது மட்டும் ஊகம்: வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மதியம் 1 முதல் 3. அம்பத்தூர்ப் பக்கம் ஷிப்டில் இருப்பவர்களுக்கு வாரா வாரம் மாறும். காசிமேட்டில் கடலுக்குப் போகும் வீடுகளில் விடியற்காலையும் முற்பகலும் மீன் வியாபார நேரம், அழைக்காதீர்கள். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரத்தில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். எடுக்காதவருக்கு அன்றைக்கே இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் வேறு நேரத்தில் ஒருமுறை, அதோடு நிறுத்திவிடலாம்.

போன் கணவரிடம் இருக்கிறது. என்ன செய்வது?

கணவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். தடுப்பூசி, சத்து மாத்திரை, அபாய அறிகுறிகள் பற்றிய செய்தியைக் கணவரும் மாமியாரும் கேட்பது நல்லதுதான். ஆட்டோ கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது பெரும்பாலும் அவர்கள் முடிவு.

ஆனால் கருத்தடை, கருக்கலைப்பு, எச்ஐவி, டிபி, மனநலம், வீட்டு வன்முறை ஆகிய ஆறும் பொதுப்போனுக்குப் போகவே கூடாது. எச்ஐவி நோயாளிக்கு நினைவூட்டலில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ மையத்தின் பெயரோ இருக்கக் கூடாது. 'நலமா?' என்ற ஒரே சொல் போதும், கென்யா திட்டமும் அப்படித்தான் நடந்தது. பதிவுப் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: இந்தப் போனை வேறு யார் எடுப்பார்கள்? அவர்கள் செய்தியைப் படித்தால் உங்களுக்குச் சரியா? எந்த எண்ணுக்கு எதை அனுப்பக் கூடாது? தனியாக உட்காரவைத்துக் கேட்டால்தான் இதற்கு உண்மையான பதில் வரும்.

கர்ப்பம் கலைந்துவிட்டால், குழந்தை இறந்துவிட்டால் செய்தி எப்படி நிற்கும்?

திட்டம் தொடங்கும்முன் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கணினிக்குக் கடைசி மாதவிடாய்த் தேதி மட்டும்தான் தெரியும். அது வாரத்தை எண்ணிக்கொண்டே போகும். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் 'உங்கள் பாப்பாவுக்கு இப்போது மூன்று மாதம்' என்று போன் ஒலிக்கும்.

மூன்று ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று: எந்த அழைப்பிலும் ஒரே விசையில் முழுவதும் நிறுத்தும் வசதி. காரணம் கேட்கக் கூடாது. இரண்டு: பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு தானியங்கி அழைப்புகளை நிறுத்திவைத்து, செவிலியரே போனிலோ வீட்டுக்குப் போயோ விசாரித்து உறுதி செய்தபிறகே குழந்தைக்கான தொடர் தொடங்க வேண்டும். மூன்று: நகர சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இழப்பு குறிக்கப்பட்ட அன்றே உங்கள் பட்டியலிலும் நீக்கப்பட வேண்டும். இதற்குப் பொறுப்பான ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருக்கட்டும். பெயரை வைத்துத் தேடினால் ஒரே தெருவில் மூன்று லட்சுமி இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அரசுப் பதிவில் தரப்படும் பிக்மி எண்ணை வைத்துத் தேடுங்கள்.

நிறுத்தியதோடு கடமை முடிவதில்லை. அந்தத் தாய்க்கு ஒரு மனிதர் போன் செய்ய வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அப்போது சொல்லலாம்.

எண்கள் அடிக்கடி மாறுகின்றன. பட்டியலை எப்படிப் பராமரிப்பது?

ரீசார்ஜ் போடாத சிம்முக்கு உள்வரும் அழைப்பும் நின்றுபோகும். அது மூடப்பட்டபின் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். அப்போது உங்கள் கர்ப்பகாலச் செய்தி முகம் தெரியாத இளைஞருக்குப் போகும், சில செய்திகளில் அது வெறும் சங்கடத்தோடு நிற்காது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு அழைப்பு. தொடர்ந்து நான்கு வாரம் எடுக்காத எண்ணைத் தனியாக எடுத்துச் செவிலியரிடம் கொடுங்கள். பதிவில் இரண்டாவது எண்ணாக அம்மா அல்லது அக்கா எண்ணை வாங்குங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகும் மாதங்களில் அதுதான் உதவும்.

செய்தியில் எவ்வளவு விவரம் கொடுப்பது?

செய்யத் தேவையான அளவு முழுதாக. 'வயிற்றுப்போக்கா? ஓஆர்எஸ் கொடுங்கள்' என்ற செய்தி பாதி ஆபத்து. கடையில் ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் உண்டு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிதமிஞ்சிக் குழந்தைக்கு ஆகாது. சிறியதை ஒரு லிட்டரில் கரைத்தால் பலனில்லை. டெட்ரா பேக்கில் விற்கும் இனிப்புப் பானத்தை வாங்கி வருபவர்களும் உண்டு. சொல்ல வேண்டியது: பொடிப் பொட்டலம்தான் வாங்க வேண்டும். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவு, காய்ச்சி ஆறவைத்த நீரில் கரைக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், குடிக்க முடியாத சோர்வு இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இவ்வளவும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் அடங்காது. ஒரே குரல் அழைப்பிலும் திணிக்காதீர்கள். முதல் அழைப்பில் கரைக்கும் முறை, இரண்டாவதில் கொடுக்கும் அளவும் மாத்திரையும், மூன்றாவதில் அபாய அறிகுறிகள். பயிற்சிக் கூட்டத்தில் பொட்டலத்தைக் கையில் கொடுத்துக் கரைக்கச் செய்தவர்களுக்கு இந்த மூன்றும் நினைவூட்டலாகப் போகும்போது பிடித்துக்கொள்வார்கள்.

வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பிப்பதா, பிராட்காஸ்ட் அனுப்புவதா?

கர்ப்பிணிகளைக் குழுவில் சேர்த்தால் ஒவ்வொருவர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண்களின் எண்கள் வெளியே போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிராட்காஸ்ட் பட்டியலில் எண் வெளியே தெரியாது. ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பாதிப்பேருக்குப் போகவில்லை என்ற புகாருக்கு அனேகமாக இதுதான் காரணம். பதிவு செய்யும் இடத்திலேயே அவர் போனை வாங்கி, 'ஆஸ்பத்திரி நர்ஸம்மா' என்று எண்ணைச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.

குழுதான் வேண்டுமென்றால் அட்மின் மட்டும் எழுதும் அமைப்பை மாலை ஒரு மணி நேரம் திறந்துவிட்டு, அந்த நேரத்தில் ஒரு செவிலியர் உட்காரட்டும். மற்ற நேரம் திறந்து கிடந்தால் குட்மார்னிங் படங்களும், பப்பாளி இலை டெங்குவைக் குணமாக்கும் வகைச் செய்திகளும் நிரம்பிவிடும்.

திரும்பக் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது?

ஆள் இல்லையென்றால் தொடங்காதீர்கள். மிஸ்டு கால் எண் ஒன்று வைத்து, ஒரு வேலை நாளுக்குள் திருப்பி அழைப்பது குறைந்தபட்சம். அந்த நேரத்துக்கு வெளியே 104 மருத்துவ ஆலோசனை எண்ணையும், அவசரத்துக்கு 108ஐயும் சொல்லுங்கள். பதில் சொல்லும் தன்னார்வலர் விளக்கம் தரலாம். மருந்து எழுதுவதோ அளவை மாற்றுவதோ பதிவுபெற்ற மருத்துவரின் வேலை, 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ரத்தப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலியோடு கண் மங்குதல், குழந்தை அசைவு குறைதல் ஆகிய சொற்கள் காதில் விழுந்த கணமே பேச்சை நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு சாட்பாட் பதில் சொல்லட்டுமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். மருத்துவர் பார்த்து ஒப்புதல் தந்த பதில்களிலிருந்து ஒன்றை எடுத்துத் தரும் அளவில் விடலாம். சுயமாகப் பதில் எழுத விடாதீர்கள்.

டிபி மாத்திரையைக் கண்காணிக்க மிஸ்டு கால் போதுமா?

99டாட்ஸ் என்ற முறை இதற்காகவே வந்தது. மாத்திரையை உறையிலிருந்து எடுத்தால் பின்னால் மறைந்திருக்கும் எண் தெரியும், அதற்கு இலவசமாக மிஸ்டு கால் கொடுத்தால் சாப்பிட்டதாகப் பதிவாகும். அழகான யோசனை. ஆனால் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டபோது பதிவும் உண்மையும் போதுமான அளவு ஒத்துப்போகவில்லை. சாப்பிட்டும் கால் செய்யாதவர்கள் உண்டு, சாப்பிடாமலே கால் செய்தவர்களும் உண்டு. யாருடைய வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று பிரிக்க மிஸ்டு காலைப் பயன்படுத்துங்கள். அதையே சாட்சியாக வைக்காதீர்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு?

இந்தி, ஒடியா, வங்காளம் எதுவென்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் இந்தி என்று முடிவு கட்டாதீர்கள். வடசென்னையில் தெலுங்கும் உருதும் வேண்டும். மொழிபெயர்ப்பை அந்த மொழி பேசும் தொழிலாளி ஒருவரிடம் ஒலிக்கவிட்டு, புரிந்ததை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

மழைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டுமா?

வேண்டும். டெங்கு செய்திகளை வடகிழக்குப் பருவமழை தொடங்கும்முன், செப்டம்பரிலேயே ஆரம்பியுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குமேல் ஆகும் என்பதால் வாரம் ஒருநாள், உதாரணமாக ஞாயிறு காலை, 'டிரம்மைக் காலி செய்து உட்புறம் தேய்த்துக் கழுவுங்கள்' என்று ஒரே செய்தி. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை சுவரில் ஒட்டியிருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் நின்றன. மிகவும் தேவைப்படும் அன்றைக்குத்தான் போன் இருக்காது. ஆகவே பிரசவம் நெருங்கியவர்கள், டயாலிசிஸ், இன்சுலின் நோயாளிகள் பட்டியலை அக்டோபரிலேயே காகிதத்தில் அச்சிட்டு வார்டுவாரியாகச் செவிலியரிடம் கொடுங்கள்.

பலன் கிடைத்ததா என்று எப்படி அளப்பது?

'ஒரு லட்சம் செய்தி அனுப்பினோம்' என்பது செலவுக் கணக்கு. எத்தனை பேர் எடுத்தார்கள், எடுத்தவர்களில் எத்தனை பேர் முக்கால் பங்காவது கேட்டார்கள், கேட்டவர்களில் எத்தனை பேர் குறித்த நாளில் நிலையத்துக்கு வந்தார்கள் என்று படிப்படியாகப் பாருங்கள். பேச்சுக்கு, ஆயிரத்தில் 600 பேர் எடுத்து அதில் 300 பேர் கேட்டிருந்தால், செய்தியின் உள்ளடக்கத்தைத் திருத்துவதற்குமுன் நேரத்தையும் முதல் ஐந்து நொடியையும் திருத்துங்கள்.

தடுப்பூசி என்றால் 6, 10, 14 வாரங்களுக்குரிய ஊசி எத்தனை நாள் தள்ளிப் போடப்பட்டது என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் தொடங்காமல், சீட்டுக் குலுக்கிப் பாதித் தெருக்களுக்கு மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால் ஒப்பிடவும் வழி கிடைக்கும்.

செலவை எங்கே குறைக்கலாம்?

பல நிறுவனங்கள் குரல் அழைப்புக்கு 30 அல்லது 60 நொடி அலகில் கட்டணம் வாங்குகின்றன. 62 நொடிச் செய்தி 60 நொடி அலகில் இரண்டாகக் கணக்காகும். அந்த இரண்டு நொடியை வெட்டுங்கள். பதில் சொல்லும் செவிலியரின் சம்பளத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

ஒப்புதலும் தகவல் பாதுகாப்பும்?

2023 டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டுப்படுத்தும். எதற்காக எண் வாங்குகிறோம், எப்படி விலகலாம் என்பதைத் தமிழில் எழுதிக் காட்டி, படித்தும் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நோயாளிப் பட்டியலை எக்செல் கோப்பாக வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். பெயரும் எண்ணும் ஒரு கோப்பில், நோய் விவரம் வேறு கோப்பில், இரண்டையும் இணைப்பது வரிசை எண் மட்டும்.

நிதி முடிந்து திட்டம் நின்றால்?

கடைசி மாதம் நான்கு அழைப்புகளிலும் முடியும் தேதியையும், அதன்பின் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மிஸ்டு கால் எண்ணை உடனே கைவிடாமல் ஆறு மாதம் ரீசார்ஜ் செய்து, '104ஐ அழையுங்கள்' என்ற பதிவுக்குரலோடு வைத்திருங்கள். தொடர்பு வேண்டும் என்றவர்களின் பெயரை மட்டும் அவர்கள் ஒப்புதலோடு சுகாதார நிலையத்திடம் ஒப்படைத்து, மற்ற எண்களை அழித்துவிடுங்கள். தன்னார்வலர்களின் சொந்தப் போன்களில் சேமித்த பட்டியலும் இதில் அடக்கம்.